தட்டத்தில் வைக்காத அட்டை

கணிதப் பரீட்சைக்கு முந்திய நாட்களைப் பதற்றமில்லாமல் கழிப்பது எப்படி என்று ஒரு பேப்பரில் அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். ஆறு ஆலோசனைகள். அதை நான் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தேன். வாசிகசாலைப் பேப்பரை வெட்டுவது குற்றம். வெட்டுகிறவர்களைப் பிடிப்பதுதான் அந்த வாசிகசாலையில் என் வேலை. ஆறு வருடமாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வெட்டியதை வீட்டுக்குக் கொண்டுவந்து அலுமாரிக் கதவில் ஒட்டினேன். வெளிப்பக்கம் அல்ல, உட்பக்கம். எனக்கு அப்போது வயது முப்பத்து மூன்று. சாதாரண தரக் கணிதத்தை அதற்கு முன் நான்கு தடவை எழுதியிருந்தேன். நான்கு தடவையும் W, தோல்வி. மற்ற எட்டுப் பாடமும் சித்தி, தமிழில் A. தமிழில் A எடுத்தவளிடம் கணக்கில் W எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு நல்ல தமிழில் பதில் சொல்ல எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

பிரதேச சபை வாசிகசாலையில் நான் அமய ஊழியர். நிரந்தரமில்லை. அந்த வருட முடிவில் நிரந்தரமாக்குகிறவர்களின் பட்டியல் போகிறது, கணிதத்தில் ஒரு S ஆவது இல்லாவிட்டால் உங்கள் பெயரைப் போட முடியாது, அந்த இடத்துக்கு வேறொருவரை எடுப்பார்கள் என்று செயலாளர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். நல்ல மனிதர். தேத்தண்ணியும் தந்துதான் சொன்னார். S என்றால் குறைந்த சித்தி, முப்பத்தைந்து புள்ளி. எனக்குத் தேவைப்பட்டது அந்த முப்பத்தைந்து மட்டும்.

இது ஊருக்குத் தெரியாது. தெரியாமல் இருந்ததற்கு என் மாமனார் வினாயகமூர்த்தி காரணம். அவர் எங்கள் ஊர்க் கண்ணகை அம்மன் கோயிலின் வண்ணக்கர். கோயில் நிருவாகம் அவர் கையில், கோயில் திறப்பு, அதாவது சாவி, அவர் மடியில். ஐந்து வருடத்துக்கு முன் என் கலியாணத்தன்று பந்தலில் நின்று, மருமகளுக்கு நிரந்தர அரசாங்க உத்தியோகம் என்று எல்லோருக்கும் சொன்னார். தாலி கட்டிய அன்று மாமனாரைத் திருத்துகிற பழக்கம் எங்கள் பக்கம் இல்லை. அடுத்த நாள் திருத்தலாம் என்று விட்டேன். அடுத்த நாளும் ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள்.

பிறகு மாமி இறந்துபோனார். வீட்டில் மாமா, என் கணவர் நிலோஜன், நான் என்று மூன்று பேரானோம். நிலோஜன் ஓட்டோ ஓட்டுகிறார். என் வேலை நிரந்தரமில்லை என்பதும் நான் சோதனை எழுதுகிறேன் என்பதும் அந்த இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். கலியாணத்துக்குப் பிறகு எழுதிய இரண்டு தடவையும் பல்லுப் பிடுங்கப் போவதாகச் சொல்லித்தான் வலையிறவுப் பாலம் தாண்டி டவுனுக்குப் போனேன். ஊர்க் கணக்கில் எனக்கு இரண்டு கடைவாய்ப் பல் இல்லை.

ஆறு ஆலோசனைகளுக்கு வருகிறேன்.

முதலாவது, கடைசி நாட்களில் புதிதாக எதையும் படிக்க வேண்டாம், தெரிந்ததை மீட்டுங்கள் என்றது. தெரிந்ததைத் தேடுவதில் எனக்கு இரண்டு நாள் போயிற்று. கடைசியில் நிகழ்தகவு, தொடைகள், சதவீதம், வட்டத்தின் பரப்பு என்று ஒரு நிரலைப் போட்டுக் கூட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாக வந்தால் நாற்பத்தொரு புள்ளி. ஆறு புள்ளியைப் பிழைவிடலாம். ஆறு புள்ளிக்குப் பிழைவிடும் சுதந்திரம் இருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு உண்மையிலேயே கொஞ்சம் சந்தோசமாக இருந்தது. தாயங்கள், ஒழுக்குகள் என்கிற இரண்டு பாடத்தையும் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன். அவையும் என்னைத் தொடாமல் இருந்தால் போதும்.

இரண்டாவது, தினமும் எட்டு மணி நேரம் அமைதியாகத் தூங்குங்கள். அந்த வருடம் நாடு பட்ட பாட்டில் பரீட்சை டிசெம்பரில் இருந்து நழுவி நழுவி வைகாசிக்கு வந்திருந்தது. வைகாசியில்தான் எங்கள் அம்மாளுக்குச் சடங்கு. ஒலிபெருக்கிக் குழாய் ஒன்று எங்கள் வீட்டு முன் தென்னையில், எங்கள் யன்னலைப் பார்த்தபடி கட்டியிருந்தது. வண்ணக்கர் வீடு என்ற மரியாதைக்காக அங்கே கட்டினார்கள்.

அந்த ஒலிபெருக்கியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சடங்கு நடக்கிற நாட்களில் ஊரின் எல்லா விசயமும் அதில்தான் வரும். யார் அரிசி கொடுத்தார், யாருடைய மாடு யாருடைய வயல் வட்டைக்குள் இறங்கி நிற்கிறது, யாருடைய செருப்பு மாறிப்போனது, எந்தப் பிள்ளை தாயைக் காணாமல் மைக்கடியில் அழுகிறது. ஆட்கள் ஒரு துண்டில் எழுதிக் கொடுப்பார்கள். ஸ்பீக்கர் செற் வைத்திருக்கும் திவாகரன் அதை இரண்டு தரம் வாசிப்பார். அதில் வந்தால் நடந்தது, வராவிட்டால் நடக்காதது. எங்கள் ஊரில் ஒரு கலியாணம் பதிந்து ஏழு மாதம் கழித்து, அதில் வாழ்த்து வந்த பிறகுதான் பெண்ணை மாமியார் மருமகள் என்று கூப்பிட்டார்.

மூன்றாவது ஆலோசனை தண்ணீர் குடியுங்கள் என்றது. குடித்தேன்.

நான்காவதுதான் முக்கியம். தேவையான எல்லாவற்றையும் ஒரு வாரம் முன்பே ஒரு கண்ணாடிப் பைக்குள் போட்டுக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் தொங்கவிடுங்கள், பிறகு தொட வேண்டாம், தொடத் தொடப் பதற்றம் கூடும் என்று எழுதியிருந்தது. சிப் வைத்த, இழுத்துப் பூட்டுகிற பிளாஸ்டிக் பை ஒன்று வாங்கினேன். அனுமதி அட்டை, அடையாள அட்டை, மூன்று பேனை, கொம்பாஸ் பெட்டி. அலுமாரிப் பக்கத்து ஆணியில் தொங்கவிட்டேன். தொடவில்லை. காலையில் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை பார்த்தேன். நான்கு W எடுத்தவளுக்கு இந்தப் பை விசயத்தில் A கொடுக்கலாம் என்று நிலோஜனிடம் சொன்னேன்.

இனிக் கோயிலின் கதை. எங்கள் அம்மாள் வருடத்தில் ஒரு தடவைதான் கதவு திறப்பாள். வைகாசியில் திறந்து, சடங்கு நடந்து, கடைசி நாள் குளிர்த்தி பாடிப் பூட்டினால் மறு வைகாசிதான். இரண்டு பூட்டு. ஒரு திறப்பு வண்ணக்கரிடம், மற்றது பூசை செய்கிற கட்டாடியார் சாமித்தம்பியிடம். ஊர் கூடித்தான் திறக்கும், ஊர் கூடித்தான் பூட்டும். முன்பு ஒரு வண்ணக்கர் ஆவணி மாதத்தில் கொழும்பிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதருக்காகக் கதவைத் திறந்துவிட்டார். ஊர்க் கூட்டத்தில் எழும்பிக் கேள்வி கேட்டவர் என் மாமா. காலம் தவறிக் கதவு திறக்கிற வண்ணக்கர் அந்த இடத்திலேயே திறப்பை ஊரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தவரும் அவர்தான். அந்த வண்ணக்கர் ஒப்படைத்தார். ஊர் அதை மாமாவிடம் கொடுத்தது.

பத்தொன்பது வருடம். ஒருமுறை உன்னிச்சைக் குளத்து வான் கதவுகள் திறந்து வெள்ளம் கோயில் படிவரை ஏறியது. உள்ளே உள்ள சாமான்களை எடுக்கலாமே என்று நாலு பேர் கேட்டார்கள். தன் வீட்டைத் தானே பார்த்துக்கொள்ள அம்மாளுக்குத் தெரியும் என்றார் மாமா. வெள்ளம் ஏழாம் படியோடு நின்றது. அதற்குப் பிறகு அவரிடம் யாரும் எதற்காகவும் திறப்புக் கேட்கவில்லை.

அந்த வருடம் பரீட்சையும் சடங்கும் ஒன்றாக வந்ததால், ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குச் சோதனை எழுதும் பிள்ளைகளின் அனுமதி அட்டைகளையும் பேனைகளையும் வைக்கலாம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பெரிய பித்தளைத் தட்டம் ஒன்றில் அட்டைகள் எல்லாம் அடுக்கி இருந்தன. பூசை முடிந்து பின்னேரமே பெயர் பெயராகக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். நான் போகவில்லை. பதினாறு வயதுப் பிள்ளைகளின் பெயர்களை வீட்டு யன்னலுக்குள் இருந்தே கேட்டேன். மொத்தம் இருபத்தேழு பேர்.

திங்கட்கிழமை காலையில் குளிர்த்தி முடிந்தது. பத்து மணிக்கு ஊர் கூடிக் கதவு பூட்டியாயிற்று. மாமா மூன்று நாள் விரதமும் விழிப்புமாக வந்து, ஒரு கவளம் சோற்றை வாயில் வைத்துவிட்டு விறாந்தையில் பாயைப் போட்டுப் படுத்தார். அடுத்த நாள் காலை எட்டரைக்குக் கணிதம். நான் தொடைகளில் மூன்று கணக்குச் செய்தேன், மூன்றும் சரி வந்தது. பின்னேரப் பார்வைக்காக ஆணியைப் பார்த்தேன். ஆணி இருந்தது.

கத்தவில்லை. ஐந்தாவது ஆலோசனை, எதிர்பாராதது நடந்தால் பத்துவரை எண்ணுங்கள் என்றது. எண்ணினேன். நாற்பது வரை போயும் பை வரவில்லை. கட்டிலுக்குக் கீழே, அலுமாரிக்குப் பின்னால், நிலோஜனின் ஓட்டோவுக்குள், கோழிக் கூட்டுக்குள்ளும் பார்த்தேன். நிகழ்தகவுக் கணக்கில் பை என்றால் அதற்குள் சிவப்புப் பந்தும் நீலப் பந்தும் இருக்கும். பையே காணாமல் போகிற கணக்கை எந்த வருடமும் கேட்டதில்லை. அந்த நேரம் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்தான், அதுவும் யார் மேல் என்று தெரியாத கோபம்.

நிலோஜன் மாமாவைத் தட்டி எழுப்பினார். மாமா எழும்பி உட்கார்ந்து, பை என்ற சொல்லைக் கேட்டதும் மடியைத் தொட்டுப் பார்த்தார். திறப்பு இருந்தது. அவர் முகம் வெளுத்ததை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன்.

"அது அம்மாள்ற காலடியில இரிக்கு" என்றார்.

நடந்தது இதுதான். ஞாயிறு விடியற்காலை, நாங்கள் எழும்ப முன், மாமா ஆணியிலிருந்து பையை எடுத்துச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். திரைக்கு உள்ளே, அம்மாளின் பீடத்துக்குப் பக்கத்தில், கட்டாடியாரைக்கொண்டு வைப்பித்திருக்கிறார். பூசை முடியப் பழையபடி கொண்டுவந்து ஆணியில் தொங்கவிட்டுவிட்டால் எனக்கும் தெரியவராது, சோதனையும் பாஸாகும் என்பது திட்டம். தட்டத்து அட்டைகளை இருபத்தேழு பெயருக்கும் எண்ணிக் கொடுத்திருக்கிறார். எண்ணிக்கை சரி வந்தது. என் அட்டைதான் எண்ணிக்கையில் இல்லையே. சடங்குச் சந்தடியில் கட்டாடியாரும் மறந்துவிட்டார். ஞாயிறு முழுக்கவும் திங்கள் காலையும் நான் ஆணியைப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். சனி இரவே விருந்தாட்கள் வந்து அறை முழுக்கப் பிள்ளைகளைப் படுக்க வைத்திருந்தார்கள். மூன்று தடவை பார்வை தவறியது.

அடுத்த ஒரு மணித்தியாலம் எங்கள் வீட்டில் யோசனைகள் நடந்தன. அனுமதி அட்டைக்குப் பிரதி எடுக்கலாம், அடையாள அட்டைக்கு வழியில்லை. என்னிடம் கடவுச்சீட்டும் இல்லை, லைசென்சும் இல்லை. கிராம சேவகர் ஒரு கடிதம் தந்தால் சிலவேளை விடுவார்கள். அவர் குளிர்த்தி முடிந்த கையோடு குடும்பத்தோடு கிரானுக்குப் போய்விட்டார். அவர் போனை எடுத்தது ஒரு சிங்களப் பெண்குரல், நீங்கள் அழைக்கும் இலக்கம் என்று தொடங்கியது. பட்ட காலிலே படும் என்பார்கள். எனக்குக் காலே மிச்சமில்லை.

நிலோஜன் ஓட்டோத் திறப்பைக் கையில் உருட்டியபடி ஒரு யோசனை சொன்னார். மாமாவிடம் ஒரு திறப்பு, சாமித்தம்பியிடம் ஒரு திறப்பு. இரண்டு பேரும் போய்ச் சத்தமில்லாமல் திறந்து பையை எடுத்தால் யாருக்குத் தெரியப் போகிறது?

"அம்மாளுக்குத் தெரியும்" என்றார் மாமா. "களவா அந்தக் கதவ நான் திறக்கமாட்டன். ஊர் கூடாமத் திறக்க ஏலாது. ஊரக் கூட்டினா காரணம் சொல்லோணும்."

காரணம் சொல்ல வேண்டும் என்ற இடத்தில் மூன்று பேரும் நின்றோம். வண்ணக்கரின் மருமகள் நிரந்தர உத்தியோகம் இல்லை. முப்பத்து மூன்று வயதில் பதினாறு வயதுப் பிள்ளைகளோடு வாங்கில் உட்கார்ந்து கணக்கு எழுதப் போகிறாள். மாமாவின் மரியாதை ஒரு பக்கம், திறப்பு ஒரு பக்கம், என் முப்பத்தைந்து புள்ளி ஒரு பக்கம். இதை முக்கோணக் கணக்காகக் கேட்டிருந்தால் நான் தொட்டிருக்க மாட்டேன்.

மாமா நிலத்தைப் பார்த்துக்கொண்டு, அடுத்த முறை எழுதலாம்தானே என்றார். மெல்லத்தான் சொன்னார். அடுத்த முறை என்பது எனக்கு இல்லை என்று அவருக்கும் தெரியும். பட்டியல் விசயத்தைச் செயலாளர் சொன்ன அன்றே வந்து சொல்லியிருந்தேன்.

ஆறாவது ஆலோசனை, மனதில் உள்ள கவலையை வீட்டாரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள் என்றது. ஐந்து வருடத்தில் நான் மாமாவோடு வெளிப்படையாகப் பேசியது உப்புக் கூடிப்போச்சா என்ற அளவில்தான். அன்றைக்குப் பேசினேன்.

"மாமா, மத்தப் புள்ளயள்ற அட்டை எல்லாம் தட்டத்திலதானே வெச்ச. என்ட அட்டைய மட்டும் ஏன் உள்ளுக்குக் கொண்டுபோனீங்க?"

தட்டத்தில் வைத்திருந்தால் இருபத்தெட்டாவது பெயராக என் பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள். நானும் போய் வாங்கியிருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்திருக்கும், பை வீட்டில் இருந்திருக்கும். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. மாமா எழும்பினார், முகத்தைக் கழுவினார், சால்வையைத் தோளில் போட்டார். வெளியே போனார். வாவிப் பக்கம் காற்றுக்குப் போகிறார் என்று நினைத்தேன். போகட்டும் என்று விட்டேன். எனக்கு அவர் மேல் அப்போது இரக்கமே வரவில்லை.

கால் மணித்தியாலம் கழித்துத் தென்னையில் ஒலிபெருக்கி கரகரத்தது. திவாகரன் வயர்களைச் சுருட்டி முடித்திருக்கவில்லை. யாரோ மைக்கைத் தட்டும் சத்தம். பிறகு மாமாவின் குரல். ஒலிபெருக்கியில் எங்கள் ஊரில் எல்லோரும் புத்தகத் தமிழ்தான் பேசுவார்கள், மாமாவும் அப்படியே பேசினார்.

"பக்த அடியார்களுக்கு ஓர் அறிவித்தல். எனது மருமகள் தனுஷியா, வயது முப்பத்து மூன்று, நாளை காலை சாதாரண தரக் கணிதப் பரீட்சைக்குத் தோற்றுகிறார். இது ஐந்தாம் தடவை. முன்னைய நான்கும் W. அவருடைய உத்தியோகம் நிரந்தரம் என்று நான் கலியாணப் பந்தலில் சொன்னது பொய். அவருடைய அட்டைகளைப் பிள்ளைகளின் தட்டத்தில் வைக்க வெட்கப்பட்டு நான் உள்ளே வைத்தேன். எடுக்க மறந்துவிட்டேன். கதவு திறக்க வேண்டும். தயவுசெய்து ஊர் கூடவும்."

திவாகரனுக்குப் பழக்கதோசம். மைக்கை வாங்கி, அதே அறிவித்தலை ஒரு சொல் விடாமல் இரண்டாம் தரமும் சொன்னார்.

நான் குசினிக்குள், அடுப்படியில் நின்றேன். காது இரண்டும் சுட்டது. நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று நினைத்தேன், சீமெந்து நிலம். நிலோஜன் வாசலில் இருந்து என்னைப் பார்த்தார். சிரிக்கவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. ஓட்டோவைத் திருப்பி வைத்திருப்பதாகச் சொன்னார். கோயிலுக்கு நூற்றைம்பது யார் தூரம்தான். நடந்தே போனோம்.

ஊர் கூடியிருந்தது. குளிர்த்தி முடித்துப் படுத்தவர்கள் தலை கலைந்தபடி வந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் வழிவிட்டார்கள். பிறகு பின்னால் நின்ற கண்ணகை அக்கா, மீன் வியாபாரம் செய்பவர், என் தோளில் தட்டினார்.

"அப்ப ஒண்ட பல்லெல்லாம் இரிக்காகா?"

ஓம் என்றேன். அங்கே நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன். தனக்கும் கணக்கு இரண்டு தரம் W என்றும் அதுக்கு மறுகா விட்டுவிட்டதாகவும் அவர் சொன்னார். இதுவரை யாரும் கேட்காததால் சொல்லவில்லையாம். மீன் நிறுக்கும்போது கால் கிராம் பிசகாத மனுசி.

சாமித்தம்பி வாவியில் முழுகி, ஈரத்துணியோடு வந்தார். வாயைத் துணியால் கட்டினார். இரண்டு பூட்டும் திறந்தன. கதவு பாதிதான் திறந்தது, அவர் மட்டும் உள்ளே போனார். வெளியே எல்லோரும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். அம்மாளே, என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, சிப் பூட்டியிருக்க வேண்டும் என்று கும்பிட்டேன். உள்ளே குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தார்கள்.

சிப் பூட்டித்தான் இருந்தது. பையின் வெளியே மஞ்சளும் சந்தனமும் ஒட்டியிருந்தன, உள்ளே ஒரு துளி இல்லை. சாமித்தம்பி அதை என் கையில் தரவில்லை. சிறிது யோசித்தார். பிறகு பித்தளைத் தட்டத்தைக் கொண்டுவரச் சொல்லி, அதில் வைத்து, கற்பூரம் காட்டி, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் போய் வாங்கினேன்.

கதவு திரும்பவும் பூட்டியது. மாமா தன் திறப்பை மடியில் வைக்கவில்லை. சட்டம் கொண்டுவந்தது அவர்தான். யாரும் கேட்காமலே அதைப் படியில் வைத்துவிட்டு ஒரு அடி பின்னால் தள்ளி நின்றார். யாராவது வேண்டாம் என்பார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் சொல்லவில்லை. ஊர் அவரை மதித்ததால்தான் சொல்லவில்லை என்று அப்போது எனக்கு விளங்கவில்லை, பொல்லாத ஊர் என்று நினைத்தேன். சாமித்தம்பி குனிந்து திறப்பை எடுத்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் மாமாவிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. இரவுக்கு என்ன கறி என்று கேட்டேன். கத்தரிக்காய் என்றார்.

அன்றைக்கு எட்டு மணி நேரம் தூங்கினேன். ஒலிபெருக்கி இல்லை என்பது ஒரு காரணம். மற்றக் காரணம் அந்த அரைப் பக்கத்தில் எங்குமே இல்லை. எனக்கு இத்தனை வருடமும் பயம் கணக்கில் இல்லை, கண்டுபிடிப்பார்கள் என்பதில்தான் இருந்தது. இப்போது கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமில்லை, இரண்டு தரம் வாசித்தாயிற்று.

காலையில் நிலோஜனின் ஓட்டோ ஊரைக் கடந்தபோது வேலிகளில் ஆட்கள் நின்றார்கள். கண்ணகை அக்கா மீன் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டே, தெரியாதத விட்டுட்டுத் தெரிஞ்சத எழுது என்று கத்தினார். பேப்பர்க்காரரின் முதலாம் ஆலோசனை அதுதான், இவ்வளவு சுருக்கமாக அவருக்கு வரவில்லை. மண்டப வாசலில் மேற்பார்வையாளர் அட்டையை வாங்கிப் பார்த்தார். பிறகு முகர்ந்தார். என்ன வாசம் என்று கேட்டார். கற்பூரம் சேர் என்றேன். என் வயதையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். எத்தனையாம் தடவை என்று கேட்டால் சொல்ல ஆயத்தமாகத்தான் நின்றேன். அவர் கேட்கவில்லை.

வினாத்தாளில் நிகழ்தகவு வந்தது. பைக்குள் பந்துகள் இருந்தன. பை இருந்ததே போதும் என்று தொடங்கினேன். தாயங்கள் வந்தன, நாங்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்ளவில்லை.

வருட முடிவுக்கு ஒரு மாதம் இருக்கப் பெறுபேறு வந்தது. S. பட்டியலில் பெயர் போனது. வாசிகசாலையில் நின்று போனில் பார்த்துவிட்டு, வேலை முடியுமட்டும் பொறுத்து, வீட்டுக்கு வந்து மாமாவிடம்தான் முதலில் சொன்னேன். அவர் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"S எண்டா எத்தின மாக்ஸ்?"

முப்பத்தைந்துக்கு மேல் என்றேன். மேல் என்றால் எவ்வளவு என்றார். அதைச் சொல்லமாட்டார்கள் என்றேன். ம் என்றுவிட்டு அடுத்த தேங்காயை எடுத்தார். எனக்குச் சுள்ளென்றது. ஊருக்கு முன்னால் நான்கு W யையும் எண்ணிச் சொன்ன மனுசனுக்கு ஒரு S க்கு ஒரு சொல் இல்லையா? அறைக்குள் போய் அலுமாரிக் கதவைக் கொஞ்சம் சத்தமாகச் சாத்தினேன். அந்தக் கோபத்தை ஆறு மாதம் வைத்திருந்தேன். கறியில் உப்பு மட்டும் சரியாகப் போட்டேன்.

மறு வைகாசியில் ஊர் கூடிக் கதவு திறந்தது. திறப்பு வேறொருவர் கையில். மாமா சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆட்களோடு ஆளாக நின்றார். கதவு திறந்து பறை ஓய்ந்ததும், அறிவித்தல் கொடுக்கிறவர்கள் திவாகரனின் மேசைக்கு முன் வரிசையாக நின்றார்கள். மாட்டைத் தொலைத்தவர், அரிசி கொடுத்தவர், செருப்பு மாறியவர். ஆறாவது ஆளாக மாமா நின்றார். கையில் நான்காக மடித்த துண்டு. பத்தொன்பது வருடம் அந்த மைக்கைத் தன் கையால் பிடித்துப் பேசியவர், முன்னால் நின்ற ஐந்து பேரும் முடியுமட்டும் நின்றார்.

திவாகரன் வாசித்தார்.

"சென்ற வருடம் கதவு காலம் தவறித் திறக்கப்பட்டது சம்பந்தமாக ஓர் அறிவித்தல். வினாயகமூர்த்தியின் மருமகள் தனுஷியா கணிதத்தில் S பெற்றுள்ளார். முப்பத்தைந்துக்கு மேல் எவ்வளவு என்று பரீட்சைத் திணைக்களம் சொல்வதில்லை. இப்போது நிரந்தரம். இது உண்மை."

நான்கு W க்கும் நான் அழுததில்லை. அன்றைக்குக் கூட்டத்துக்கு நடுவில், பானை சுமந்த பெண்களுக்கு இடையில் நின்று அழுதேன். கண்ணகை அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். மாமா மேசையடியில் இருந்து நகரவில்லை. திவாகரன் அடுத்த துண்டை எடுக்கப் போக, மாமா குனிந்து ஏதோ சொல்வது தெரிந்தது. இரண்டு தரம் என்பது போல் இரண்டு விரலைக் காட்டினார்.

திவாகரன் இரண்டாம் தரமும் வாசித்தார்.